வாயை மட்டும் அசைத்த பாட்டு

எதிர்வீட்டில் ஒரு தகப்பன் ஆர்மோனியம் வாசித்து, மகளுக்கு வரிவரியாகப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார். கேட்டதும் எனக்கு மறுபடி ஏழு வயதாகிவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மலாயாவின் பினாங்கில், சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு மாடிவீட்டில் இருந்தோம். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அப்பா, வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஆர்மோனியத்தின் முன் உட்காருவார். ஒருபக்கம் நான், மறுபக்கம் தங்கை. நான் சுருதி தப்பினால், "இன்னொரு தடவ பாடும்மா, அப்பாவும் கூடப் பாடுறேன்" என்பார். கோயில் விழாவுக்காக ஒரு மாதம் அப்படிப் பழகினோம்.

விழாப் பந்தலில் எங்கள் முறை வந்தபோது அப்பா என் காதருகே குனிந்தார்.

"நீ வாய மட்டும் அசைம்மா. தங்கச்சி பாடட்டும்."

அசைத்தேன்.

"ரெண்டு பிள்ளைங்களும் நல்லாப் பாடுச்சுங்க, அண்ணே" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அப்பா சிரித்துத் தலையாட்டினார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

மறுநாள் அப்பா கூப்பிட்டபோது தொண்டை வலிக்கிறது என்று பொய் சொன்னேன். அவர் வற்புறுத்தவில்லை. அதன்பிறகு கூப்பிடவும் இல்லை. ஒருமுறையாவது கூப்பிடுவார் என்று பல மாலைகள் கதவோரம் நின்றிருக்கிறேன். உள்ளே தங்கையோடு சேர்ந்து அவர் பாடிக்கொண்டிருப்பார்.

எனக்கு இப்போது எழுபது வயது. வீட்டில் யாரும் இல்லாதபோதுகூட நான் பாடுவதில்லை.