மேல்மாடிக்குப் போன கூட்ஸ் பெட்டிக் கதை

வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் மரக்கறிக் கடையின் விலைப் பலகையை எழுதுவது நான்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் என் எழுத்து பெரிதாக, தெளிவாக இருக்கும். ஹெவ்லொக் டவுனில் இருந்து சாமான் வாங்க வரும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் என்னைக் கேட்டார்.

"தம்பி, சனிக்கிழமையில என்னோட மறியலுக்கு வாறீங்களோ?"

வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கூச்சத்தில் தலையை ஆட்டினேன். அதையே அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

மறியல் என்றால் சிறைச்சாலை. அங்கே வாசிக்கத் தெரியாதவர்களுக்கு டீச்சர் படிப்பித்தார். சிறுபிள்ளைப் புத்தகத்தைக் கொடுத்தால் வளர்ந்த ஆண்கள் அதைத் தொடவே மாட்டார்கள். அதனால் ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சொன்ன மாதிரியே நான் பெரிய எழுத்தில் எழுதுவேன். அதுதான் பாடம். பெயர் எழுதக்கூடாது, வழக்கைப் பற்றி எழுதக்கூடாது என்பது அதிகாரிகளின் கட்டளை.

ஆனால் சொந்தக் கதையை யாரும் வாசிக்கவில்லை. மனப்பாடமாக ஒப்பித்தார்கள். விரல் முதல் வரியில் நிற்கும்போதே வாய் கடைசி வரிக்குப் போய்விடும். ஆகவே கதைகளை மாற்றினோம். கீழ் வார்ட்டின் கதைகளை மேல்மாடி வார்ட் வாசிக்கும், மேல்மாடிக் கதைகளைக் கீழே வாசிப்பார்கள். டீச்சருக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. கீழே எழுதி முடித்த பிறகு மேலே போவது என் வேலையானது.

முதல் நாள் மேல்மாடியில் ஒருவர் கேட்டார்.

"மாஸ்டர் எத்தினையாம் வகுப்பு?"

"அஞ்சு."

"எங்களவிட அஞ்சு கூடத்தானே. நடத்துங்க."

அவர் கொட்டாஞ்சேனைக்காரர், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவருடைய தம்பி கீழ் வார்ட்டில் இருப்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒரே வழக்கில் பிடிபட்டவர்கள். உள்ளே வந்த பிறகும் அடித்துக்கொண்டதால் பிரித்து வைத்திருந்தார்கள். இருவருக்கும் பேச்சு இல்லை.

ஒரு சனிக்கிழமை நான் கொடுத்த கீழ் வார்ட் தாளை அவர் எழுத்தெழுத்தாக வாசித்தார்.

"சின்ன வயசில நானும் அண்ணனும் தெமட்டகொடை ரயில் யார்ட்ல ஒரு கூட்ஸ் பெட்டிக்குள்ள ஒளிஞ்சிருந்தம். பெட்டி ஓடத் தொடங்கிச்சு. அண்ணன் வெளிய பாய்ஞ்சு ஓடிட்டான். என்னைத் தனிய விட்டுட்டான்."

"தனிய" என்ற இடத்தில் விரல் நின்றது. எழுத்து தெரியவில்லையாக்கும் என்று நான் எடுத்துக்கொடுக்கப் பார்த்தேன்.

"தெரியும் மாஸ்டர். வாசிச்சிட்டன்."

யாரும் கேட்காமலே முதல் வரிக்குத் திரும்பி மறுபடி வாசித்தார். பிறகு, "இது என்ட தம்பி சொன்னது" என்றார்.

"அப்ப பாய்ஞ்சு ஓடின வீரன் நீதானா?" என்று ஒருவன் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"நான் ஓடல்ல. கொடியோட நின்ட ரயில்வே ஆளக் கூப்பிடப் போனன். அந்த ஆள்ட கையப் பிடிச்சு இழுத்தன். அதாலதான் பெட்டிய நிப்பாட்டினாங்க. இவ்வளவு காலமும் தம்பி இப்பிடியா நினைச்சிட்டிருக்கான்? எழுதுங்க மாஸ்டர், நான் சொல்லுறத."

எழுதினேன். எழுதிய பிறகுதான் பயம் வந்தது. பாடத் தாள் போகலாம், ஆனால் வார்ட்டுக்கு வார்ட் சேதி கொண்டுபோவது தடை. பிடிபட்டால் என் அனுமதியோடு வகுப்பும் போய்விடும். சட்டைப்பையில் மடித்து வைக்கலாம் என்று நினைத்தேன், பிறகு கையிலேயே பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

படியடியில் காவலர், "மொனவாத அய்யே ஏ?", அது என்ன என்று தாளைக் காட்டிக் கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வராது. மேலே இருப்பவர் அண்ணன், கீழே இருப்பவர் தம்பி, இது அவர்கள் சிறுவர்களாக இருந்தபோது நடந்தது என்று தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். வழக்கு இருக்கிறதா, பெயர் இருக்கிறதா என்று கேட்டார்.

"நே சேர்," இல்லை என்றேன்.

"எஹெனங் கதாவக்."

அப்படியென்றால் கதைதானே என்று தாளைத் திருப்பித் தந்தார்.

தம்பி வாசிக்க வெகுநேரம் எடுத்தது. நானே வாசித்துச் சொல்லிவிடலாமா என்று எனக்குப் பதைப்பாக இருந்தது. டீச்சர் கண்ணாலேயே என்னை அடக்கினார். கடைசி வரிக்கு வந்ததும் தம்பி தாளைக் கீழே வைத்தார்.

"பெட்டிக்குள்ள இருக்கக்குள்ள ஒரு மனுசன் சிங்களத்தில கண்டபடி ஏசினது எனக்குக் கேட்டிச்சு. யாருக்கு ஏசுறான் எண்டு விளங்கல்ல. அண்ணனுக்கா அது?"

நான் புதுத் தாளை எடுத்து, சொல்லுங்கள், எழுதுகிறேன் என்றேன்.

"வேணாம். பென்சிலத் தாங்க."

அதுவரை அவர் தானாக ஒரு வரி எழுதியதில்லை. முன்னால் குனிந்து, முழங்கையால் தாளை மறைத்துக்கொண்டு எழுதினார். மணி அடித்து மற்றவர்கள் எழுந்த பிறகும் எழுதினார். என்னிடம் தந்தபோது இரண்டே சொற்கள்தான் இருந்தன: ஏசினது கேட்டது.

டீச்சரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு நான் மறுபடி படி ஏறினேன்.