மூன்றாவது சரணத்தில் செத்துப்போன வெர்னா

பாடகன் எல்டன் ரூப் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகன் என்றும், முதல் பாட்டையே நிலக்கரி இருட்டுக்குள் உட்கார்ந்து கட்டினான் என்றும் அமெரிக்காவின் கிழக்கு கென்டக்கி மலைப்பக்கத்தில் ஒரு பேச்சு உலவுகிறது. விசாரித்துப் பார்த்ததில், அப்பா லெக்சிங்டன் நகரத்தில் பல் டாக்டர். துளை போட்டுப் பிழைத்த குடும்பம் என்பது வரை உண்மை. துளை மலையில் இல்லை, கடைவாய்ப் பல்லில்.

இருபத்திரண்டு வயதில் கல்லூரியைப் பாதியில் விட்டு, ஒரு கிதாரும் முழங்கால் கிழிந்த புதுக் கால்சட்டையுமாக ஸ்டில்ஹவுஸ் ஓடைக்கரைக்கு வந்து சேர்ந்தான். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வெர்னா தன் மாடியறையை அவனுக்குக் கொடுத்தாள். மூன்று வாரம் அவள் சமைத்த பீன்ஸையும் சோளரொட்டியையும் தின்றபடி, ஊர்க்காரர்கள் எந்தச் சொல்லை இழுக்கிறார்கள், எதை விழுங்குகிறார்கள் என்று நோட்டில் குறித்தான். நான்காவது வாரம் அவனே அப்படி இழுக்க ஆரம்பித்தான். ஊர்க்காரர்களுக்குத்தான் அவன் பேச்சு ஒன்றும் புரியவில்லை.

ஊரைவிட்டுப் போனவன் ஒரு பாட்டு போட்டான். அதில் வெர்னா சுரங்கத்தில் புருஷனைப் பறிகொடுத்த விதவை. மூன்றாவது சரணத்தில் ஓடையில் குதித்துச் செத்துப்போகிறாள். நிஜப் புருஷன் விவாகரத்து வாங்கிக்கொண்டு ஒஹாயோவில் டயர் விற்கிறான். ஓடையிலோ முழங்கால் தண்ணீர். அதில் சாக வேண்டுமென்றால் குப்புறப் படுத்து ரொம்ப நேரம் பொறுமையாக இருக்க வேண்டும்.

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. ரசிகர்கள் ஓடைப் பாலத்தில் பிளாஸ்டிக் பூ வைத்தார்கள். பஸ்ஸில் பிள்ளைகள் அவள் முதுகுக்குப் பின்னாலேயே அதைப் பாடினார்கள். வெர்னா பொறுத்துக்கொண்டாள். பதினோராவது வருஷம், அவள் உயிர்விட்ட இடம் என்று பாலத்தில் பித்தளைப் பலகை பதிக்கச் சுற்றுலாக் கமிட்டி முடிவெடுத்தபோதுதான் நேரில் போய் நின்றாள். கமிட்டித் தலைவர் மரியாதையாகவே கேட்டுக்கொண்டார். பாட்டில் அப்படி இல்லையே என்றார். எழுதியவர் மேடையில் சொன்னால் பலகையைக் கைவிட்டுவிடலாம் என்றும் சொன்னார்.

எல்டன் வருஷாவருஷம் வந்து பாடும் செப்டம்பர் விழாவில் மேடைக்குப் பின்னால் அவனைப் பிடித்தாள்.

"எல்டன், நான் செத்துட்டேன்னு பித்தளையில எழுதப் போறாங்க. வெர்னா உசிரோட இருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "வெர்னா, நீங்க பொழச்சா பாட்டு செத்துடும்."

"பாட்டு வந்து பஸ் ஓட்டுமா?"

"நாலாவது சரணம் ஒண்ணு எழுதறேன். அதுல நீங்க கரையேறிடறீங்க. அடுத்த விழாவுக்குள்ள, சத்தியமா."

"பதினோரு வருஷமா இதையேதான் பாடற. நாலு வரி கூட்ட ஒரு வருஷமா?"

மக்களுடைய பாட்டை அவசரப்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டு மேடையேறினான். தொப்பியைக் கழற்றி, வெர்னாவின் நினைவுக்குச் சமர்ப்பணம் என்று தொடங்கினான். வெர்னா கூட்டத்தில் போய் உட்கார்ந்தாள். மூன்றாவது சரணத்தில் பக்கத்து மடக்கு நாற்காலிப் பெண் மூக்கைச் சிந்திவிட்டு, வெர்னாவுக்கும் ஒரு காகிதக் கைக்குட்டை நீட்டினாள்.

"அவங்களுக்கு நீங்க சொந்தமா?"

"கொஞ்சம் பழக்கம்."

அடுத்த மாதம் பலகை ஏறியது. வெர்னா தினமும் இரண்டு தடவை பஸ்ஸோடு அதைக் கடக்கிறாள். எல்டனுக்கு இதற்குள் இரண்டு விருதுகள், உண்மையின் குரல் என்ற பட்டத்தோடு. ஆறு விழா முடிந்துவிட்டது, நாலாவது சரணம் வரவில்லை. கேட்டால், மூன்று வரி தயார், கடைசி வரிக்குத்தான் எதுகை கிடைக்கவில்லை என்கிறான்.