கோலாம் ஆயர் மேட்டில் இரண்டு கடிகாரங்கள்

என் தங்கைக்குத் தான் பிறந்த வீட்டை ஒருமுறை பார்க்க வேண்டும். எனக்கு அவளிடம் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு காரணங்களுக்காகத்தான் போன மாதம் லாபிஸிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஒரு நாள் பயணமாகப் போய் வந்தோம். எனக்கு எண்பது வயது, தங்கை புவனத்துக்கு எழுபத்தொன்று. என் மனைவி காலமான பிறகு இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். முழங்கால் வலிக்காரர்கள் இந்தப் பதிவைத் தைரியமாகப் படிக்கலாம், படி ஏறும் வேலை குறைவு.

லாபிஸில் காலை 7.20க்கு ரயில். எட்டு நிமிடம் பிந்தி வந்தது, அதையெல்லாம் தாமதம் என்று சொல்லக் கூடாது. கட்டணம் தலைக்கு 21 ரிங்கிட், எங்களைப் போன்ற கிழங்களுக்குப் பாதி. அடையாள அட்டை கேட்பார்கள், பெட்டிக்குள் புதைத்து வைக்காதீர்கள். நிலையத்துக்கு வெளியே தேங்காய்ப்பாலில் வேகவைத்த நாசி லெமாக் சோறு ஒரு பொட்டலம் 2.50 ரிங்கிட், சம்பல் நன்றாக உறைக்கிறது. குளுவாங் தாண்டியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். குளுவாங் போனது, கூலாயும் போனது. புவனம் சன்னலோரம் உட்கார்ந்து சின்னப் பிள்ளையைப் போலச் செம்பனை மரங்களை எண்ணிக்கொண்டு வந்தாள், எனக்கு வாய் வரவில்லை. 10.25க்கு ஜொகூர் பாருவில் இறங்கினோம்.

நிலையத்திலிருந்து நாங்கள் இருந்த கோலாம் ஆயர் மேட்டுக்கு மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. டாக்சிக்கு 12 ரிங்கிட், ஒரு மணி நேரம் காத்திருக்க இன்னும் 20 என்று பேசினோம். ஓட்டுநர் பெர்மாஸ் ஜெயாவில் குடியிருக்கும் தமிழர், நாற்பது வயது இருக்கும்.

“அங்கயா ஐயா? அது பூரா பெரிய ஆளுங்க வீடு லா. கேட் கிட்டயே நிக்க விடமாட்டான் காவலுக்கு நிக்கிற ஜாகா” என்றார்.

“நான் அங்க பிறந்த ஆள், தம்பி. ஜாகாவோட நான் கதைக்கிறன்” என்றாள் புவனம்.

“அலமாக்! அந்தக் காலத்துலயே பங்களாவா? அப்ப நீங்க பெரிய எடம்தான்!”

நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம். பெரிய இடம் என்றால் பெரிய இடம்தான், ஆனால் எங்களுடையது இல்லை. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அரசாங்க நில அளவை அலுவலகத்தில் படம் வரைந்துகொண்டிருந்தவர். போரில் ஜப்பான்காரன் வந்ததும், மேட்டிலிருந்த வெள்ளைக்காரப் பொறியாளர் ஒருவர் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவிட்டார். பக்கத்துப் பங்களாவில் ஒரு ஜப்பானிய அதிகாரி குடிவந்தார். வரைபடம் வேண்டும் என்றால் உடனே ஆள் வேண்டுமே, அதனால் அப்பாவைக் குடும்பத்தோடு பொறியாளரின் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். அதுவரை இரண்டு அறை அரசாங்கக் குவாட்டர்ஸில் இருந்தவர்கள் நாங்கள்.

கார் மேடேறியது. மழைமரங்கள் இரண்டு பக்கமும் இன்னும் கைகோத்துக்கொண்டு நிற்கின்றன. மதில்கள் உயர்ந்திருக்கின்றன, மதிலுக்கு மேல் கம்பி வேறு. ஆனால் வளைவில் திரும்பினால் அதே இடத்தில் அதே நீரிணைக் கடல், வெயிலில் பளபளவென்று. அந்த வீட்டுக்குள் நுழைந்த முதல் நாள் நான் புல்வெளியின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடி, மூச்சு வாங்கி விழுந்து கிடந்தேன். ஒரு வீட்டுக்குள் ஓடி முடிக்க முடியாத இடம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மாலையில் வராந்தாவில் கடல் காற்று வரும். நான் படுத்து நீந்தும் அளவுக்கு வெள்ளைத் தொட்டி ஒன்று குளியலறையில் இருந்தது. அம்மா அதில் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பார்.

சாப்பாடு மட்டும் எல்லாரையும் போலத்தான். டென்னிஸ் திடலைக் கொத்தி மரவள்ளி நட்டோம். காலையில் மரவள்ளிப் புட்டு, மத்தியானம் மரவள்ளி அவியல், இரவு என்னவென்று நீங்களே சொல்லலாம். ஆனாலும் மனதைத் திறந்து சொல்கிறேன், என் வாழ்க்கையில் நான் மிகச் சந்தோஷமாக இருந்த ஆண்டுகள் அவைதான். சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது. லாபிஸ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஜப்பான்காரனால் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டு, திரும்பி வராதவர்களின் பிள்ளைகளோடுதான் பிறகு நான் வேலை பார்த்தேன். அவர்களிடம் அந்தப் புல்வெளியைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

இனிக் கடிகாரக் கதை. ஜப்பான்காரன் வந்தவுடன் கடிகாரங்களை எல்லாம் தோக்கியோ நேரத்துக்கு மாற்றச் சொன்னான். ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும். கூடத்தில் பொறியாளர் விட்டுப்போன உயரமான கடிகாரம், முகத்தில் நிலாப் படம் போட்டது, அதை அப்பா உடனே மாற்றிவிட்டார். அம்மாவுக்குத்தான் பிரச்சினை. ராகுகாலம் தோக்கியோவைப் பார்த்தா வரும்? அதனால் ஒரு சின்ன மணிக்கூட்டைப் பழைய நேரத்திலேயே ஓடவிட்டு, அடுப்படியில் அரிசி இல்லாத அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தார். அதிகாரி சோதனைக்கு வந்தாலும் வெறும் டின்னை யார் திறக்கப் போகிறார்கள்?

புவனம் பிறந்த அன்று எனக்கு ஒன்பது வயது. அப்பா, “பிள்ளை அழுத உடனே அம்மாட மணிக்கூட்டைப் பாத்து வந்து சொல்லு, சாதகத்துக்கு வேணும்” என்று சொல்லிவிட்டு வாசலில் நின்றார். பிள்ளை அழுதது. அடுப்படியில், கம்பம் என்று நாங்கள் சொல்லும் கிராமத்திலிருந்து வந்த மருத்துவச்சியும் இன்னும் இரண்டு பெண்களும் வெந்நீரும் இரத்தத் துணியுமாக நின்றார்கள். எனக்கு உள்ளே போகப் பயம். கூடத்துக்கு ஓடி நிலாக் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று மணி ஐந்து நிமிடம். அதைப் போய்ச் சொன்னேன். பழைய நேரம் என்று நினைத்து அப்பா அப்படியே எழுதி வைத்தார்.

அந்த நேரத்தை வைத்துத்தான் போர் முடிந்த பின் சாதகம் எழுதினார்கள். எட்டில் செவ்வாய். பெண்ணுக்கு அது தாலிக்கு ஆகாது என்பார்கள். புவனத்துக்கு இருபத்திரண்டு வயதில் பொந்தியானிலிருந்து ஒரு ஆசிரியர் பெண் பார்க்க வந்தார், அவளுக்கும் பிடித்திருந்தது. சாதகம் பார்த்தவுடன் அவருடைய வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். பிறகு வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றாள். ஆசிரியர் விலகிய பிறகுதான் நான் அந்தச் சாதகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பிற்பகல் 3.05 என்று இருந்தது, நான் கூடத்தில் பார்த்த அதே தோக்கியோ நேரம். மலாக்காவில் ஒரு சோதிடரிடம் இரகசியமாக 1.35 என்று கொடுத்து எழுதிப் பார்த்தேன். செவ்வாய் ஒன்பதில் இருந்தது, தோஷமே இல்லை. அதற்குள் அப்பா போய்விட்டார், ஆசிரியருக்கும் வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது. இனிச் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று வாயை மூடிக்கொண்டேன். உண்மையில் அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயம், அவ்வளவுதான்.

பங்களா அப்படியே இருக்கிறது, ஓடு மட்டும் புதிது. காவலுக்கு நின்ற நேபாளத்துக்காரர் நல்ல மனிதர். வீட்டார் வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லி, படம் எடுக்கக் கூடாது, பதினைந்து நிமிடம் மட்டும் என்று வராந்தா வரை விட்டார். புவனம் அவரிடம் மலாயில் என்ன கதைத்தாளோ, ஒரு நாற்காலிகூடக் கிடைத்தது.

“நான் எந்த அறையில பிறந்தனான், அண்ணை?”

இடப்பக்கம் பின்னால் இருந்த சன்னலைக் காட்டினேன். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மூண்டு மணி வெயில் அந்தச் சன்னலுக்கால நல்லா அடிச்சிருக்கும், என்ன?” என்று கேட்டாள்.

“மூண்டு மணி இல்லை, புவனம்” என்றேன். பிறகு டின்னுக்குள் இருந்த மணிக்கூடு, நிலாக் கடிகாரம், மலாக்கா சோதிடர், எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொல்லி முடித்தேன்.

அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெகு நேரம் துடைத்தாள். “அந்தப் பொந்தியான் ஆசிரியர்...” என்று நானே தொடங்கினேன்.

“அவரை விடுங்கோ. நான் உழைச்சன், நாலு பேருக்குப் படிப்பிச்சன், நல்லாத்தான் இருந்தனான்.” கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டாள். “அம்மா சாகேக்கையும் என்ட கையைப் பிடிச்சுக்கொண்டு, கெட்ட நேரத்தில உன்னைப் பெத்துப்போட்டன் எண்டு அழுதவா. நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள். எனக்கு வேண்டாம் அண்ணை, அவவுக்கெண்டாலும் சொல்லியிருக்கலாம்.”

ஆமாம், நின்றேன். அம்மாவின் கட்டில் கால்மாட்டில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: காலை பதினொன்றுக்குள் போய்விடுங்கள், பிறகு மேட்டில் வெயில் தாங்காது. அங்கே கடை ஒன்றும் கிடையாது, தண்ணீர் கொண்டுபோங்கள். காவலரிடம் நேரடியாக, மரியாதையாகக் கேளுங்கள், கேமராவை வெளியே எடுக்காதீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு நகருக்குள் இறங்கினால் வாழையிலைச் சாப்பாடு 9 ரிங்கிட், மீன் தனி. நாங்கள் இருவரும் பாதிதான் சாப்பிட்டோம், அதனால் ருசியைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது. திரும்பும் ரயில் 3.40க்கு. இடம் முன்பதிவு செய்வது நல்லது.

திரும்பும் ரயிலில் அவள் மரங்களை எண்ணவில்லை. வீட்டுக்கு வந்ததும் சாமி அறைக்குப் போய் அம்மாவின் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, எனக்கு முன்னால் மேசையில் நிறுத்தி வைத்தாள்.

“இப்ப சொல்லுங்கோ” என்றாள்.

“ஒண்டு முப்பத்தைஞ்சு, அம்மா” என்று சொன்னேன்.