வாளிப் போட்டியன்று

அறுபதுகளின் கடைசியில், பம்பாயில் ஒரு ஃப்ளையிங் கிளப்பில் நான் மெக்கானிக். தாராவியிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். வருஷத்துக்கொருமுறை, ஹெலிகாப்டர் ஓட்டத் தெரிந்தவர்கள் குடும்பத்தோடு அங்கே கூடுவார்கள். கிளப்பில் இருந்த இரண்டு ஹெலிகாப்டர்களை மாற்றி மாற்றி ஓட்டி விளையாட்டுப் போட்டி வைப்பார்கள்.

அதில் வாளிப் போட்டிக்குத்தான் கூட்டம் அதிகம். ஒருவர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தண்ணீர் வாளியைக் கயிற்றில் தொங்கவிட்டுப் பிடித்திருப்பார். நட்டுவைத்த கம்புகளுக்கிடையே வளைந்து வந்து, மைதானக் கோடியில் ஒரு மேசைமேல் சிந்தாமல் வாளியை இறக்க வேண்டும்.

அந்த வருஷம் ஒரு தம்பதி ஏறினார்கள். அவர்கள் இரண்டாவது கம்பைத் தாண்டும்போது பீடி எடுக்கச் சட்டைப்பையில் கைவிட்டேன். காட்டர் பின் தட்டுப்பட்டது. வால் விசிறியின் நட்டு கழலாமலிருக்கக் குறுக்கே செருகும் சின்னக் கம்பி. காலையில் அதைப் போடும் நேரத்தில் நாற்காலி தூக்கக் கூப்பிட்டார்கள். போனவன் அப்படியே மறந்துவிட்டேன்.

தலைமை மெக்கானிக் பக்கத்தில் நின்றார். கடையநல்லூர்க்காரர், பாய் என்று கூப்பிடுவேன்.

"பாய், வால் நட்டுக்குப் பின்னு போடல. எம் பையில இருக்கு."

"பாக்காம எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டுட்டனேல," என்றார். "ஓடு. எறக்கச் சொல்லு."

அந்த ஹெலிகாப்டரில் ரேடியோ இல்லை. மைக் பிடித்திருந்தவரிடம் ஓடினேன். "சாப், நீச்சே உதாரோ. கத்ரா ஹை." ஆபத்து, கீழே இறக்குங்கள் என்று கத்தியும் அவர் காதில் வாங்காமல் என்னைத் தள்ளிவிட்டார்.

மைதானத்துக்குள் ஓடினேன். மேசைமேல் ஏறி, நிறுத்தச் சொல்லும் சைகையாகத் தலைக்கு மேல் கைகளைக் குறுக்காகப் பிடித்து நின்றேன். ஹெலிகாப்டர் நேராக என் தலைக்கு மேல் வந்தது. கோமாளி என்று நினைத்துக் கூட்டம் சிரித்தது. ஓட்டியவரும் சிரித்தார். அந்த அம்மாள் கயிற்றைச் சுண்டி வாளியை என்மேல் கவிழ்த்தாள். கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கைகளை இறக்காமல் கத்தினேன். விசிறிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. குனிந்து என் முகத்தைப் பார்த்த அந்த அம்மாள்தான் சிரிப்பை நிறுத்தி, கணவர் தோளைத் தட்டினாள்.

இறங்கினார்கள். பாய் விரலால் தொட்டதும் நட்டு லேசாகச் சுற்றியது.

மேனேஜரிடம், "தப்பு என்னுது சாப்," என்றேன். "கையெழுத்து யாருடையது?" என்று கேட்டார். அன்று மாலையே பாயை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். உயிரைக் காப்பாற்றியவன் என்று என்னை வைத்துக்கொண்டார்கள். நான் இரண்டாம் முறை பேச வாயெடுத்தபோது பாய் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டார்.

மூன்று வாரம் அவர் முகத்தில் விழிக்கத் துணியவில்லை. பிறகு அவர் குடியிருந்த கோவண்டிக்குப் போனேன். வீட்டு வாசலில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"பாய், நானும் வேலைய விட்டுர்றேன்."

"விட்டா? எனக்குத் திருப்பித் தந்துருவானுவளா?" நிமிரவில்லை. "போலே. போயி உம்பொழப்பப் பாரு."

சைக்கிள்காரர் வந்து வண்டியை வாங்கிக்கொண்டு போகும்வரை நின்றேன். பாய் அடுத்த சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தார்.

மறுநாள் காலை வேலைக்குப் போனேன்.