கூலாய் வளைவில் எடுத்த படம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் மலாயாவில், கூலாய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தேன். சிங்கப்பூரில் யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற பெட்டிக் கேமரா ஒன்று என் கைக்கு வந்தது. கேமரா கிடைத்தவன் பெண்டாட்டியை எடுப்பான், பிள்ளையை எடுப்பான், தீமிதித் திருவிழாவை எடுப்பான். நான் ரயிலை எடுத்தேன். ஏன் என்று கேட்டவர்கள் மேல் எரிந்து விழுந்தேன். பிடித்திருந்தது, எடுத்தேன், அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் என் மனைவி தன்னையும் ஒரு படம் எடுக்கச் சொன்னாள். ரயில் பாதை வேலி ஓரமாக அவளை நிறுத்தி, பின்னால் வண்டி வரும்வரை வெயிலில் காக்க வைத்தேன். படத்தில் ரயில் மிக நன்றாக விழுந்திருந்தது. அவள் கண்ணை மூடியிருந்தாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

அந்தக் கேமராவில் ஒரு சுருளுக்கு எட்டுப் படம்தான். வேகமாக ஓடும் வண்டியை எடுத்தால் கலங்கிப் போய்விடும். அதனால் வண்டி வேகத்தைக் குறைக்கும் இடம் வேண்டும், வெயில் என் முதுகில் படவேண்டும். ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்று பார்த்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் வந்து, எழுத்தில் அனுமதி இல்லாமல் ரயில்வே இடத்தில் படம் எடுக்கக் கூடாது என்று விரட்டினார். அனுமதி கேட்டு எழுதினேன். முடியாது என்று ஒரு வரியில் பதில் வந்தது. சரி போ என்று வேலிக்கு வெளியே நின்றேன். வேலிக்கு வெளியே தோட்டத்து மண். அங்கே நிற்க எந்தக் கொம்பன் அனுமதியும் வேண்டாம்.

ஜோகூர் பாருவில் கதை வேறு. தண்ணீருக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் வெள்ளைக்காரன் கப்பல்படைத் தளம் கட்ட ஆரம்பித்த பிறகு, அங்கே போகும் கடற்பாலத்துக்குப் பக்கத்தில் படம் எடுக்கக் கூடாது என்று பலகை வைத்துவிட்டார்கள். பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும் அழகை எத்தனையோ தரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்கிறேன். வயிறு எரியும். ஆனாலும் ஒரு தடவைகூட அங்கே கேமராவைத் திறந்ததில்லை. நான் சட்டத்துக்குப் பயந்தவன்.

கூலாய் ஸ்டேஷனுக்கு வடக்கே ஒரு வளைவு உண்டு. அங்கேதான் என் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அந்த வளைவுக்குப் பக்கத்தில் ரயில் சிக்னல் கைகாட்டி மரம். அதை ஏற்றி இறக்குவதும் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவதும் ஒரு தமிழர் வேலை. தஞ்சாவூர்ப் பக்கம், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் கிராணியாரே என்பார். முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தார். ரயிலை விலைக்கு வாங்கப் போறீங்களா என்று கேட்டார். பிறகு அவருக்கும் அந்தப் பைத்தியம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. எந்த வண்டி தாமதம், எந்த எஞ்சின் புதிது என்று எண்ணெய்க் கையோடு வேலிக்கு வந்து சொல்லுவார். அட்டவணையில் இல்லாத வண்டி ஏதாவது வந்தால் முன்னாடியே தகவல் சொல்லுவார். அப்போது அவர் மனைவி மாசமாக இருந்தாள். லைன் ஓரத்தில் ரயில்வே கொடுத்த ஒற்றை அறை வீடு. அந்த வேலையும் அந்த வீடும்தான் அவர் சொத்து.

இங்கே என்னுடைய தொழில் புத்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தோட்டத்து ஆபீசில் கிராணிக்கு ஒரு பாடம் உண்டு. எதை எழுதினாலும் யார் சொன்னது என்று சேர்த்து எழுது. முப்பதாம் நம்பர் காட்டில் மரம் விழுந்தது, கங்காணி சொன்னார். ரப்பர் பால் குறைந்தது, மழை என்று பால்வெட்டைக் கண்காணிக்கும் மண்டோர் சொன்னார். நாளைக்குத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எகிறினால், சொன்னவன் பெயர் காகிதத்தில் இருக்கும், கிராணி தலை தப்பும். பத்து வருஷமாக அப்படி எழுதி எழுதிக் கை அதற்கே பழகிவிட்டது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறிப்பு வைத்திருந்தேன். எஞ்சின் நம்பர், நேரம், எத்தனை பெட்டி, எந்தத் திசை, கடைசியில் யார் சொன்னது. எல்லாம் இங்கிலீஷில், அழகான கையெழுத்தில். ரயில் படத்துக்கு இந்தக் கடைசி வரி எதற்கு என்று ஒரு நாளும் நான் யோசிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை கைகாட்டிக்காரர் தோட்டத்துக்கே ஆள் அனுப்பினார். மறுநாள் காலை எட்டு மணிக்கு மேல் தெற்கே ஒரு தனி வண்டி போகிறது, ரெண்டு எஞ்சின் பூட்டி, தவறவிடாதீர்கள் என்று. போனேன். ரெண்டு எஞ்சினும் முக்கி முனகிக்கொண்டு வளைவில் திரும்பின. பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிய பெரிய பெரிய சாமான்கள். என்ன சாமான் என்று எனக்குத் தெரியாது, அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. எனக்கு வேண்டியது ரெண்டு எஞ்சின். புகை நேராக மேலே போயிற்று, வெயில் சக்கரத்தில் விழுந்தது. நான் எடுத்ததில் அதுதான் நல்ல படம்.

படங்களை ஜோகூர் பாருவில் ஒரு ஜப்பான்காரர் ஸ்டூடியோவில்தான் கழுவக் கொடுப்பேன். அந்தப் படத்தை அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, பெரிதாகப் போட்டு வாசல் கண்ணாடியில் மாட்டலாமா என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாட்டுங்கள் என்றேன். ரெண்டு வாரம் கல்யாணப் படங்களுக்கு நடுவில் என் ரயில் நின்றது. நானே வேலை இல்லாமல் அந்தத் தெருவில் நாலு தரம் நடந்தேன். வீட்டில் சொன்னபோது மனைவிக்குப் பிடிக்கவில்லை. "வேலியில போற ஓணானை எடுத்து மடியில கட்டிக்கிறீங்க" என்றாள். உனக்குப் பொறாமை என்றேன்.

மூன்றாவது வாரம் இன்ஸ்பெக்டர் ஒருவர் ரெண்டு மாத்தா-மாத்தாவோடு தோட்டத்து ஆபீசுக்கு வந்தார். போலீஸ்காரனை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர், அமைதியாகப் பேசினார். ஜப்பான்காரர் கடையில் கப்பல்படைச் சாமான் ஏற்றிய வண்டியின் படம் எப்படி வந்தது, அந்த வண்டி வரும் நேரம் எனக்கு எப்படித் தெரிந்தது, இந்த ரெண்டுதான் அவர் கேட்டது. ஜப்பான்காரர்களை எல்லாம் உளவாளிகள் என்று வெள்ளைக்காரன் சந்தேகப்பட்ட காலம் அது. வாயால் சொல்வதைவிடக் காகிதம் பேசட்டும் என்று நோட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். என்னிடம் கள்ளம் இல்லை என்று காட்டத்தான் நீட்டினேன். அவர் ஒரு பக்கம் விடாமல் படித்தார். கடற்பாலத்துப் படம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் வேலிக்கு வெளியே. எழுத்து மிகச் சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார். பிறகு கடைசி வரியில் விரலை வைத்தார். கைகாட்டிக்காரர் சொன்னார் என்று பதினேழு இடத்தில் எழுதியிருந்தேன்.

கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் படத்தையும் அதன் பிலிமையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். துரை என்னைக் கூப்பிட்டு, இன்னொரு தரம் என் காரணமாகப் போலீஸ் இந்தத் தோட்டத்துக்குள் வந்தால் அன்றைக்கே என்னை வெளியே அனுப்பிவிடுவதாகச் சொன்னார். அத்தோடு எனக்கு முடிந்தது. ரயில்வே ரகசியத்தை வெளியாருக்குச் சொன்னதாகக் கைகாட்டிக்காரரை வேலையிலிருந்து நீக்கி, வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அந்தத் தனி வண்டி வரும் சேதியை ஸ்டேஷன் மாஸ்டரும் தெரிந்து வைத்திருந்தார், ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த சீனன் கடைக்காரனும் தெரிந்து வைத்திருந்தான். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

அவரைப் பார்க்கப் போனேன். ஏசுவார், ரெண்டு அடி அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று மனசைத் தேற்றிக்கொண்டுதான் போனேன். அவர் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பெட்டியைத் துடைத்து உட்காரச் சொன்னார். "நீங்க பொய்யா எழுதினீங்க? நான் சொன்னேன், நீங்க எழுதினீங்க" என்றார். அதைவிட ஏசியிருக்கலாம். இங்கிலீஷில் ஒரு மனு எழுதித் தர முடியுமா என்று மட்டும் கேட்டார்.

எழுதினேன். என் ஆயுசில் அவ்வளவு நல்ல மனு எழுதியதில்லை. பதினோரு வருஷம் ஒரு குற்றமும் இல்லாமல் உழைத்தவர், மனைவி பிள்ளை பெறப் போகிறாள், கெட்ட எண்ணம் இல்லாமல் பொழுதுபோக்குக்காகப் படம் எடுக்கும் ஒருவரிடம் சொன்னார் என்று எழுதினேன். ஒருவர் என்றுதான் எழுதினேன். என் பெயரைப் போடவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. பெருவிரல் வைத்தார். வீடு போய்விட்டதால் பதில் வரவேண்டிய விலாசமாகத் தோட்டத்து ஆபீசைக் கொடுத்தோம். அவரும் மனைவியும் எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் அவருடைய உறவுக்காரர் ஒருவர் வீட்டு முன்கூடத்தில் தங்கினார்கள்.

ஆறு வாரத்தில் பதில் வந்தது. நான்தான் பிரித்தேன். சேதியைக் கேட்டுக்கொண்ட நபர் நேரில் வந்து, எதற்காகக் கேட்டார் என்று அதிகாரிகள் முன் வாக்குமூலம் கொடுத்தால் மனுவை மறுபடி பார்க்கலாம் என்று எழுதியிருந்தார்கள். நாலு வரி. போலீஸ் அதிகாரி ஒருவரும் உடன் இருப்பார் என்றும் இருந்தது. துரை சொன்னது காதில் கேட்டது. அன்றைக்கு முழுக்க அந்தக் காகிதத்தை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, பேரேட்டில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அவர் ஆபீஸ் வாசலுக்கு வந்தார். தோளில் துண்டு, கையில் புல் வெட்டும் கத்தி. கடிதம் வந்ததாகத் தபால்காரர் சொன்னாராம், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

"முடியாதுன்னு எழுதியிருக்காங்க, அண்ணே" என்றேன்.

அவர் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். மூவார்ப் பக்கம் ரோட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம், பிள்ளை பிறந்ததும் அங்கே போய்விடலாம் என்றிருப்பதாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். படியிறங்கியவர் திரும்பி நின்றார்.

"உங்க வேலைக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லையே, கிராணியாரே?"

இல்லை என்றேன்.

"அது போதும்" என்று சொல்லிவிட்டு லயத்தை நோக்கி நடந்தார்.