ஈயச் சட்டியின் காது

போன வாரம் குக்கர் கைப்பிடியின் திருகாணி சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. முடுக்க முடுக்கச் சுற்றுகிறதே தவிரப் பிடிக்கவில்லை. உள்ளே மரை தேய்ந்துவிட்டது. "உங்கள மாதிரியே அதுக்கும் ஆயிடுச்சு" என்றாள் வீட்டுக்காரி. எதிர்வீட்டுக்காரர் நல்ல மனுஷர். ஒட்டிவிடலாம் என்று ஒரு பசைக் குப்பியோடு வந்து நின்றார். "ஒட்டக் கூடாதுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பின்வாங்கியே போய்விட்டார். ஒரு குக்கருக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நீங்களும் கேட்பீர்கள். கதை கொல்லிமலையில் இருக்கிறது.

வெள்ளைக்காரன் இருந்த காலம். மலைக்கு மோட்டார் ரோடு கிடையாது. அரிசி, உப்பு, இரும்பு எல்லாம் ஆள் தோளில்தான் மேலே போகும். வாழவந்தி நாட்டில் மேட்டுச் சுனையிலிருந்து ஒரு பங்களாவுக்குத் தண்ணீர்க் குழாய் போடும் வேலை. அதற்கு நான் பிட்டர். சொந்தமாக ஒரு ஸ்பேனர் வைத்திருந்தேன், அதனால் பிட்டர். வேறு படிப்பு ஒன்றும் இல்லை. வழியில் ஒரு சிற்றூர். அங்கே ஒரு பைப்பு வைத்துத் தருவதாகக் காண்டிராக்டர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். அந்த ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள்தான் வெள்ளையனும் அவன் பெண்டாட்டி பாப்பாயியும்.

அந்த நாளில் வார்ப்பிரும்புக் குழாயை ஈயம் ஊற்றித்தான் இணைப்போம். ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, இடுக்கில் சணலைத் திணித்து, வாயைச் சுற்றிக் களிமண் வரம்பு கட்டி, உருகிய ஈயத்தை ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். பாதியில் நின்றால் இணைப்பு ஒழுகும். சட்டியை மூங்கிலில் தொங்கவிட்டு நானும் வெள்ளையனும் தூக்குவோம். நான் கொக்கிக் கம்பியால் சாய்ப்பேன். ஊற்றி முடியும்வரை களிமண் விலகாமல் கீழே உட்கார்ந்து பிடிப்பது பாப்பாயி. சட்டி அவள் தலைக்கு நேர் மேலே நிற்கும். "பூவுக்குப் பதிலா ஈயத்தத் தலையில வெச்சுராதீங்க பிட்டரே" என்பாள்.

சட்டிக்கு இரண்டு காது. ஒவ்வொன்றிலும் ஒரு திருகாணி, அதில்தான் தூக்குவளையம் மாட்டியிருக்கும். காய்ந்து காய்ந்து ஆறியதில் ஒரு காதின் மரை மழுங்கிப்போய்த் திருகாணி சுற்ற ஆரம்பித்தது. மலையிறங்கிக் கீழ்நாட்டுப் பட்டறையில்தான் புது மரை வெட்ட வேண்டும் என்றேன். வெள்ளையன் முகம் வாடிவிட்டது. மழை நெருங்கிக்கொண்டிருந்தது. வேலை தள்ளிப்போனால் காண்டிராக்டர் ஊரை விட்டுவிட்டுக் குழாயை நேரே பங்களாவுக்கு இழுத்துவிடுவார் என்ற பயம் அவனுக்கு. "எம்பட ஊட்டுல வெச்சுருக்கறேனுங்க, காலையில பாத்துக்கலாம்" என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

காலையில் கொண்டுவந்து வைத்தான். "இப்ப ஆட்டிப் பாருங்க." இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினேன். அசையவில்லை. "எப்படிப்பா?" என்றதற்கு, "நம்ம கைவேலை தானுங்க" என்று சிரித்தான். சட்டி முழுக்கக் கரி. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அடுப்பு எரிந்தது. ஈயம் உருகிக் கண்ணாடி மாதிரி மினுங்கியது. தூக்கினோம். மூங்கிலின் என் பக்க நுனியைக் கவைக் கம்பில் வைத்துவிட்டுக் கொக்கியை எடுத்தேன். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. கொல்லன் பட்டறையில் அரிவாளுக்குப் பிடி போடும்போது வருமே, அந்த அரக்கு வாசனை. காதிலிருந்து கறுப்பாக ஒரு கோடு வழிந்துகொண்டிருந்தது. மலையில் கொடுவாள், கத்தி எது ஆடினாலும் அரக்கை உருக்கி ஊற்றி இறுக்கிவிடுவார்கள், ஆயுசுக்கும் ஆடாது. அதையே இங்கேயும் செய்திருக்கிறான். கொடுவாளை யாரும் அடுப்பில் வைப்பதில்லை.

"எந்திரி அம்மிணி!" என்று கத்தினேன். மண்ணை விட்டால் இணைப்புப் போய்விடும் என்று அவள் இன்னும் அழுத்திப் பிடித்தாள். திருகாணி உருவிக்கொண்டது. சட்டி ஒரு பக்கமாகச் சரிய, வெள்ளையன் தோளிலிருந்து மூங்கிலை உதறிவிட்டு, வெறுங்கையால் சட்டியின் அடியைத் தள்ளினான். ஈயம் அவளைத் தாண்டிச் சரிவில் கொட்டியது. பாப்பாயியின் முடிகூடக் கருகவில்லை. அவன் வலது உள்ளங்கை வெந்துபோனது.

தேனைத் தடவி வாழையிலையைச் சுற்றினார்கள். அவன் கத்தவே இல்லை. "ஆறுனப்பக் கல்லு மாதிரி இருந்துச்சுங்களே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். "ஆறுனா எல்லாந்தான் கெட்டியா இருக்கும்" என்றாள் பாப்பாயி. திட்டினாளா, தேற்றினாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மறுநாள் சட்டியைச் சரிபண்ணினோம். தேய்ந்த மரையோடு மல்லுக்கட்டாமல், காதை மறுபக்கம்வரை துளைத்துப் பெரிய போல்ட்டைச் செருகி நட்டுப் போடுவது என்று முடிவு. ஓர் அரத்தின் வாலை ஒடித்து, பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் தோய்த்து, கல்லில் தீட்டித் துளைபோடும் அலகாக்கினேன். ஊரில் ஒரு தச்சரிடம் கயிறு சுற்றி இழுக்கிற துரப்பணம் இருந்தது. நான் அழுத்திப் பிடிக்க, பாப்பாயி மோர் கடைவதுபோலக் கயிற்றை இழுத்தாள். இரும்புத்தூள் மிளகுப்பொடி மாதிரி உதிர்ந்தது. வெள்ளையன் மடியில் கையை வைத்துக்கொண்டு பார்த்திருந்தான். வால்வு மூடியிலிருந்து கழற்றிய போல்ட்டைப் போட்டு, நட்டு கழன்றுவிடாதபடி நுனியைச் சுத்தியால் அடித்துப் பரத்தினேன். நன்றாக இருந்த காதுக்கும் அதே வைத்தியம்.

முடிந்தது என்று நிமிர்ந்தேன். பாப்பாயி ஒத்துக்கொள்ளவில்லை. "கல்லப் போட்டு ரொப்புங்க. அடுப்புல வெச்சு, காதெல்லாஞ் சூடேறுன பொறவு தூக்கிக் காட்டுங்க." அப்படியே செய்தோம். இப்படியும் அப்படியும் சாய்க்கச் சொன்னாள். ஊரே நின்று பார்த்தது.

பிறகு ஈயத்தை உருக்கினோம். வெள்ளையன் முந்திக்கொண்டு களிமண் பக்கம் உட்காரப் போனான். "ஒத்தக் கையில மண்ணுப் புடிக்கறயா? தள்ளு அக்கட்டாலே" என்று அவனை இடித்துத் தள்ளிவிட்டு அவளே உட்கார்ந்தாள். கொக்கியை மாட்டுமுன் நான்தான் இரண்டு காதையும் இன்னொரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டேன். அவள் மேலே நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஈயம் ஒரே மூச்சில் இறங்கி நிறைந்தது.

மழைக்கு முன்னால் அந்த ஊருக்குத் தண்ணீர் வந்தது. குடம் வைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. பாப்பாயி வெள்ளையனின் கையை இழுத்துப் பைப்புக்கு அடியில் வைத்து, சுருங்கிப்போன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். பிரித்தது நிற்கவில்லை, விட்டதும் மடங்கிக்கொண்டது. அதற்கப்புறம் அவர்கள் காட்டில் மிளகு பறிக்க மரம் ஏறியது அவள்தான் என்று கேள்வி.

ரொம்ப வருஷம் கழித்து ஒருமுறை பஸ்ஸிலேயே மலை ஏறினேன். ஊர் ரோட்டோரத்துக்கு இறங்கி வந்துவிட்டது. குழாயைப் பெயர்த்து, இணைப்பில் இருந்த ஈயத்தையும் சுரண்டி, பழைய இரும்புக்காரன் எப்போதோ கொண்டுபோய்விட்டானாம். சுனையிலிருந்து கறுப்பு ரப்பர் குழாய் வருகிறது. இணைப்பு விட்டுப்போன இடத்தை ஒருவர் சைக்கிள் டியூப் துண்டால் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற நேரம்கூட ஆகவில்லை. நெருப்பு இல்லை, அடியில் யாரும் உட்காரவில்லை. நல்லதுதான். வெள்ளையனையும் பாப்பாயியையும் பற்றி அவரிடம் விசாரித்தேன்.

"அவிய போயி ரொம்பக் காலமாச்சுங்க" என்றார். "அந்தப் பெரியவருக்கு ஒரு கை நீட்ட வராதுங்க. பொறவியிலயே அப்பிடின்னு சொல்லுவாங்க."

நான் திருத்தப் போனேன். பஸ் ஹாரன் அடித்துவிட்டது.