தங்கச்சி சொன்ன நிறங்கள்

"மாசிக் கலர்."

அந்தக் குரல்தான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. கெலிஓயாவில் பாதையோரமாக ஒரு தகரக் கொட்டகை. உள்ளே பொனட் திறந்தபடி என் பழைய கார். அதற்குள் பாதி உடம்பை நுழைத்துக் குனிந்திருக்கிறார் வயரிங் பாஸ். பக்கத்தில் சிறு முக்காலியொன்றில் அவருடைய மனைவி, மடியில் சுளகும் அரிசியுமாக. பாஸ் ஒரு வயரின் நுனியை வெளியே நீட்டுகிறார். அவள் அரிசியிலிருந்து கண்ணை எடுத்துப் பார்த்து, "மாசிக் கலர்" என்கிறாள். சம்பலுக்கு இடிக்கிற மாசிக் கருவாட்டின் மண்ணிறம். நுனி உள்ளே போகிறது, அடுத்தது வருகிறது. "பச்சைக் கொச்சிக்கா. அதுல பழுத்த கொச்சிக்கா கோடு." மிளகாயைத்தான் அப்படிச் சொல்கிறாள். மறுபடி அரிசியில் கல் பொறுக்குகிறாள்.

அந்தக் கார் ஏதோவொரு தோட்டத்துத் துரை விட்டுப்போனது. பல கைகள் மாறி, நான் ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் என்னிடம் வந்தது. என்ஜினில் பழுது இல்லை. வயர்கள்தான் மோசம். மேலே சுற்றியிருந்த நூலுறை தொட்டால் உதிர்ந்தது. ஹோர்னை அமுக்கினால் லைட் அணைந்தது. கண்டி டவுனில் இரண்டு கராஜ்களில் கையை விரித்துவிட்டார்கள். பஸ் சாரதி ஒருவர் சொல்லித்தான் இந்த பாஸைத் தேடி வந்தேன். இங்கே கைவேலைக்காரர் எல்லோரையும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஒட்டுப்போட்டுச் சரிவராது, முழுவதையும் கழற்றிப் புதிதாக இழுக்க வேண்டும் என்றார். எனக்கும் வேறு வேலை இல்லை. தினமும் காலையில் பஸ் ஏறிப் போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. புருஷனுக்குத் துணையாக உட்கார்ந்திருக்கிறாள், விளையாட்டுக்கு நிறம் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் அவள் அடுப்பில் வைத்த சோற்றைப் பார்க்க, கொட்டகையை ஒட்டியிருந்த வீட்டுக்குள் போயிருந்தாள். பாஸ் இரண்டு வயர்களைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தயங்கினார். பிறகு என்னிடம் நீட்டி, எது பச்சை என்று கேட்டார். ஒன்று நல்ல சிவப்பு, மற்றது நல்ல பச்சை.

"சேர், ஒங்ககிட்ட மட்டும் சொல்றேன்" என்றார். "எனக்கு செவப்பும் பச்சையும் மாசிக் கலரும் எல்லாம் ஒண்ணுதான். வெளிய தெரிஞ்சா பொழப்பு போயிரும்."

வயரிங் வேலையில் எல்லாமே நிறம்தான். பெட்டரியிலிருந்து வருவது ஒரு நிறம், ஹெட்லைட்டுக்குப் போவது ஒரு நிறம், பிரேக் லைட்டுக்கு இன்னொன்று. சோதனை பல்பை வைத்து ஒவ்வொரு வயராகத் தேடியும் செய்யலாம். ஆனால் ஒரு நாள் வேலை மூன்று நாளாகும். கல்யாணமான புதிதில் அவள்தான் இதைக் கண்டுபிடித்தாளாம். அன்றிலிருந்து சமையல் வேலையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்துவிட்டாள். வாடிக்கைக்காரர்கள் கண்ணுக்கு அரிசி பொறுக்குகிற பெண். உண்மையில் அந்தத் தொழிலில் பாதி அவள்.

அதற்குப் பிறகு என்னிடம் இருவருக்கும் ஒளிக்க ஒன்றுமில்லை. காருடன் வந்த கையேட்டை நான் வாசிப்பேன். ஊதா என்று நான் சொன்னால் அவள் "கத்தரிக்கா" என்பாள். அதில் வெள்ளைக் கோடு என்றால் "கத்தரிக்காயில தேங்காப்பூ." நீ என்ன கார் பார்க்கிறாயா கறி வைக்கிறாயா என்று பாஸ் உள்ளிருந்து சீண்டுவார். "கண்ணு தெரியாட்டியும் வாய்க்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல" என்று அவள் திருப்பிக் கொடுப்பாள். அவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டேன். மத்தியானம் எனக்கும் ஒரு தட்டில் சோறு வரும். கடைசியில் பெட்டரியைப் பொருத்திச் சாவியைத் திருப்பியபோது எல்லா லைட்டும் அதனதன் இடத்தில் எரிந்தன. முதல் ஹோர்ன் அவள்தான் அடிக்க வேண்டும் என்றார் பாஸ். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து அமுக்கினாள். பாதையில் போனவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நீளமாக அமுக்கினாள்.

இனி என் காரியத்தைச் சொல்ல வேண்டும்.

கண்டியில் குளத்துப் பக்கமாக ஒரு நண்பரின் வீட்டில் விருந்து. பழைய கார் வைத்திருக்கிற நாலைந்து பேர் வந்திருந்தார்கள். என் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, யார் செய்த வயரிங் என்று கேட்டார்கள். பெயரையும் இடத்தையும் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று பேசிப் பழகியவனுக்கு அந்தப் பார்வை போதும். நிறம் தெரியாத பாஸ், பக்கத்தில் அரிசி பொறுக்கும் மனைவி, மாசி, கொச்சிக்காய், கத்தரிக்காய் என்று அவளுடைய குரலிலேயே பேசிக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் வெறுப்பில் சொல்லவில்லை. அவர்கள் இருவர் மேலும் எனக்கு உண்மையான பிரியம் இருந்தது. அந்தப் பிரியத்தையே நான் விருந்தில் பரிமாறினேன் என்பதுதான் என்னை இன்றைக்கும் அறுக்கிறது. அங்கே இருந்தவர்களில் ஒருவருக்கு மூன்று லொறிகள் இருந்தன. அவை கெலிஓயாவில்தான் பழுது பார்க்கப்பட்டன. அது என் ஞாபகத்துக்கு வரவேயில்லை.

சில மாதங்கள் கழித்து பிரேக் லைட் ஒன்று எரியவில்லை என்று போனேன். கொட்டகையில் வேறு வாகனமே இல்லை. முக்காலியும் இல்லை. பாஸ் தனியாக, சோதனை பல்பை வைத்துத் தடவித் தடவி வேலை செய்தார். தங்கச்சி எங்கே என்று கேட்டேன்.

"வீட்டு விஷயத்த ஊருக்குச் சொல்ற பொம்பளைய பக்கத்துல வச்சிக்கிட்டு என்ன வேலை சேர்" என்றார். விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர். தன்னைக் கழித்தார், என்னைக் கழித்தார், மிச்சம் அவள்.

அவள் உள்வாசலில் நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் ஒரு சொல் சொன்னால் போதும், அந்த இடத்தில். நான் கார்க் கதவின் தூசியைக் கைலேஞ்சியால் துடைத்தேன். அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு நான் கெலிஓயா பக்கம் போகவில்லை. பல்ப் போனாலும் கட்டுகஸ்தோட்டையில் மாற்றிக்கொண்டேன். ஒரு மனிதனின் பிழைப்பைக் கெடுத்தேன் என்பதை எப்படியோ எனக்குள் சமாதானம் செய்துகொண்டேன். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேரைப் பிரித்து வைத்திருக்கிறேன் என்பதற்கு எந்தச் சமாதானமும் வரவில்லை. ஆனாலும் போகாமல் இருந்தேன். வெட்கம் என்று சொன்னால் அது கௌரவமாகத் தெரியும். பயம்தான்.

போன மாதம் காரை வாங்க ஒருவர் வந்தார். எனக்கு வயதாகிவிட்டது, பார்வை போதாது, கொடுத்துவிடலாம் என்று மகன் சொல்லியிருந்தான். வந்தவர் பொனட்டைத் திறந்து, இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஒரு வயர்கூட அசையவில்லையே, இதைச் செய்தது யார் என்று கேட்டார். கார் விற்பனைக்கு இல்லை என்று அவரை அனுப்பிவிட்டு, அடுத்த ஞாயிறு மெதுவாக ஓட்டிக்கொண்டு கெலிஓயாவுக்குப் போனேன்.

கொட்டகையில் இப்போது பெட்டரி சார்ஜ் மட்டும்தான். பாஸுக்குத் தலை முழுவதும் நரைத்திருந்தது. என்னைக் கண்டதும், "வாங்க சேர், வாங்க" என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். தங்கச்சி தையல் கடையொன்றுக்கு வேலைக்குப் போகிறாளாம், ஞாயிறு என்பதால் வீட்டில் இருந்தாள். அவளையும் கூப்பிடச் சொன்னேன். வந்து கதவோரமாகப் படியில் உட்கார்ந்தாள். நான் கதிரையில் உட்காரவில்லை.

"பாஸ், அந்த விஷயத்த வெளிய சொன்னது நான்தான். ஒரு விருந்துல, எல்லாரும் சிரிக்கணும்னு சொன்னேன். தங்கச்சி யாருகிட்டயும் சொல்லல்ல."

தங்கச்சிதான் பேசினாள், பாஸிடம்.

"அன்னைக்கே சொன்னேன்ல, சேர்தான் சொல்லியிருப்பாருன்னு. நீங்க என்ன சொன்னீங்க? சேர் படிச்ச மனுசன், அப்படிப் பேசமாட்டாருன்னீங்க."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் அன்னைக்கு இங்கதானே சேர் நின்னீங்க."

அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. மன்னிப்புக் கேட்டேன். மன்னிக்க வேண்டிய கடமை அவளுக்கு இல்லை.

பாஸ் எழுந்து அவளைத் தாண்டி உள்ளே போனார். குசினியில் தகர டின்களைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அந்தக் குசினியில் அவருக்கு ஒன்றும் இருக்குமிடம் தெரியவில்லை போலிருக்கிறது. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "சீனிப் போத்தல் மேல் தட்டுல" என்றாள். கொஞ்ச நேரத்தில் அவர் ஒரேயொரு கோப்பையில் தேத்தண்ணியோடு வெளியே வந்தார். வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் கொடுப்பதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். பழக்க தோஷத்தில் என் கை சற்று முன்னால் நீண்டுவிட்டது. பாஸ் அதைப் பார்க்கவில்லை. படியருகே போய்க் குனிந்து, கோப்பையை இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார்.

அவள் ஒரு மிடறு குடித்தாள். "சீனி கூடிப்போச்சு" என்றாள்.

ஆனாலும் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. நான் காரைத் திருப்பிக்கொண்டு பாதைக்கு ஏறும்போது பார்த்தேன். அவள் இன்னும் மெதுவாகக் குடித்துக்கொண்டிருந்தாள். வெறுங்கோப்பையை வாங்கிக்கொள்ள அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.